1986 டி3 கேம்பர்: 50 குதிரைத்திறன் டீசல் இன்ஜினுக்குப் பதிலாக எதைப் பொருத்தலாம்?

நெக்கார்க்கரையான்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1986ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட ஃபோக்ஸ்வேகன் டி3 வண்டி ஒன்று உள்ளது. வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் உள்ளமைப்பு செய்த கேம்பர்; கூரை உயர்த்தும் வகை. அதில் இருப்பது டர்போ இல்லாத 1.6 லிட்டர் டீசல் இன்ஜின், அதாவது சிஎஸ் என்ற குறியெழுத்துடைய 50 குதிரைத்திறன் இன்ஜின். கட்டில், அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, நாங்கள் நால்வர் என எல்லாம் சேர்ந்தால் எடை இரண்டு டன்னைத் தாண்டிவிடுகிறது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் போகும் ஏ8 நெடுஞ்சாலையில் ஸ்வேபியன் ஆல்ப் மலையேற்றம் தொடங்கும் இடத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கி, லாரிகளின் வரிசையில் ஒரு லாரியாக நானும் ஊர்ந்துகொண்டிருப்பேன். இதுவரை அதைப் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது இன்ஜினே தளர்ந்துவிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. காலையில் எடுத்தவுடன் நீலப்புகை வருகிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, பார்த்ததில் மூன்று சிலிண்டர்கள் 29 முதல் 30 பார் வரை காட்டின. மூன்றாவது சிலிண்டர் மட்டும் 22 பார். எப்படியும் இன்ஜினை வெளியே எடுக்கத்தான் வேண்டும் என்றால், அதே 1.6 டீசலைப் பிரித்துச் சீரமைப்பதா, அதே டி3 வரிசையில் வந்த 70 குதிரைத்திறன் ஜேஎக்ஸ் டர்போ டீசலைத் தேடுவதா, 1.9 லிட்டர் ஏஏஇசட்டை வைப்பதா, அல்லது நேராக டிடிஐ எனப்படும் நேரடிப் பீய்ச்சல் டர்போ டீசலுக்கே போய்விடுவதா என்று முடிவு செய்ய இயலவில்லை. பழைய வாகனத்துக்கான எச் எண்தகட்டை இழக்கவும் விருப்பமில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஸ்பேனர்

வணக்கம். சிலிண்டர்களுக்கிடையே 5 பாருக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்பதே இந்த இன்ஜினுக்குரிய வரம்பு. உங்களுடையது அதைக் கடந்துவிட்டது. ஆயினும் இன்ஜினை இறக்குவதற்கு முன், மூன்றாவது சிலிண்டரில் சிறிது ஆயில் ஊற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன; உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) பக்கம் கோளாறு. ஹெட்டில் மட்டும்தான் பழுது என்றால் உங்கள் கேள்வியே மாறிவிடும்.

இனி மாற்றத்தைப் பற்றி. இந்த வண்டியில் டீசல் இன்ஜின் நிமிர்ந்து நிற்பதில்லை, 50 பாகை பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கிறது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்புறச் சரக்குத்தளத்தின் உயரத்தைக் குறைப்பதற்காக அப்படிப் படுக்க வைத்தார்கள். கோல்ஃபிலிருந்தோ பஸாட்டிலிருந்தோ எடுத்த இன்ஜின் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதற்காக அமைக்கப்பட்டது. ஆகவே பிளாக் ஒத்துப்போனாலும் அதனுடன் வரும் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), ஆயிலை உறிஞ்சும் குழாய், டிப்ஸ்டிக், ஆயில் ஊற்றும் குழாய், பிளாக்கைத் தாங்கும் பிராக்கெட்டுகள் ஆகிய எதுவும் இங்கே பயன்படாது. இவை எல்லாம் டி3 டீசலிலிருந்தே வர வேண்டும். உறிஞ்சுகுழாயை மாற்றாமல் சம்ப்பை மட்டும் மாற்றினால், வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுத்து, பேரிங்குகள் சில நிமிடங்களில் போய்விடும். என் பட்டறைக்கு அப்படிப் போன இன்ஜின் ஒன்று வந்தது. அதைப் பொருத்தியவர் மற்ற வேலைகளையெல்லாம் மிக அழகாகச் செய்திருந்தார்.

உங்கள் வண்டி ஏற்கெனவே டீசல் வண்டியாக இருப்பது பெரும் பேறு. பெல் ஹவுசிங், ஸ்டார்ட்டர், தாங்கும் சட்டம் ஆகியவை உங்களிடமே உள்ளன. பெட்ரோல் டி3யை டீசலாக்குகிறவர்கள் இவற்றைத் தேடி அலைவதிலேயே பாதிச் செலவைச் செய்துவிடுகிறார்கள்.

என் தேர்வு ஏஏஇசட். 1.9 லிட்டர், 75 குதிரைத்திறன், டர்போ உண்டு, ஆனால் டிடிஐ போல நேரடியாக டீசலைப் பீய்ச்சும் இன்ஜின் அன்று. உங்கள் பழைய இன்ஜினைப் போலவே முன்னறையில் எரியும் வகை. ஜேஎக்ஸைவிட 5 குதிரைத்திறன்தானே கூடுதல் என்று நினைக்க வேண்டாம். கூடுதல் கொள்ளளவினால் கீழ்ச் சுழற்சியிலேயே இழுவை கிடைக்கிறது. மலையேற்றத்தில் கியரைக் குறைக்கும் தேவை வெகுவாகக் குறையும். அதன் பம்ப் இயந்திர வகை என்பதால் கம்ப்யூட்டர் பெட்டியோ புதிய வயரிங் கட்டோ வேண்டியதில்லை. ஜேஎக்ஸின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ, இன்டேக் ஆகியவற்றை இதனுடன் சேர்த்துப் பொருத்தினால் டி3யின் இடுக்கிலேயே எல்லாம் அடங்கிவிடும். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் மட்டும் எங்கும் வளைந்து தேங்காமல் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். சாய்ந்த இன்ஜினில் இதைக் கண்ணால் கணித்து விடாதீர்கள், பொருத்திய பின் மட்டம் வைத்துப் பாருங்கள்.

ஜேஎக்ஸைத் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சூட்டில் வெந்து ஹெட் விரிசல் விட்டவை. வால்வுகளுக்கிடையே அரை மில்லிமீட்டர் வரையிலான விரிசலைத் தொழிற்சாலைக் கையேடே அனுமதிக்கிறது என்பது உண்மைதான். விற்கிறவர்கள் எல்லோரும் அந்த வரியை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

எந்த இன்ஜினை வாங்கினாலும் வண்டிக்குள் ஏற்றுவதற்கு முன், தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப், பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழுகிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனுள்ள கேஸ்கெட்டை எடுக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும். பம்ப்பின் டைமிங்கை டயல் கேஜ் கொண்டு வைக்க வேண்டும். பழைய அடையாளக் கோட்டோடு பொருத்திவிட்டேன் என்று சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிரென்னர் பயணி

மேலே எழுதிய நண்பரோடு ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஏழு ஆண்டுகளாக என் டி3யில் 1இசட் என்ற 90 குதிரைத்திறன் டிடிஐ ஓடுகிறது. ஔடி 80 ஒன்றிலிருந்து எடுத்தது. நிமிடத்துக்கு 1900 சுழற்சியிலேயே 202 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கிறது. உங்கள் சிஎஸ் தருவது 103. இரண்டு மடங்கு என்பது தாளில் எழுதிப் பார்க்கும்போது தெரிவதைவிட பிரென்னர் கணவாயில் ஏறும்போதுதான் புரியும். டீசல் செலவும் முன்பைவிடக் குறைந்துவிட்டது, ஏனெனில் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தபடியே ஓட்ட வேண்டியதில்லை.

ஆனால் அதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். முதலாவது கியர்பாக்ஸ். 50 குதிரைத்திறன் இன்ஜினுக்கென்று மிகக் குறுகிய விகிதத்தில் அமைத்த பெட்டி அது. டிடிஐ தன் முழுத்திறனை 4000 சுழற்சியில் எட்டிவிடுகிறது, பழைய பெட்டியோ நெடுஞ்சாலையில் 100ஐத் தாண்டியதும் அந்த எல்லைக்கே இன்ஜினைத் துரத்துகிறது. முதல் கோடை முழுவதும் இரைச்சலில் குடும்பத்தாருடன் பேசவே முடியவில்லை. மறுகுளிர்காலத்தில் ஐந்து கியர் பெட்டி ஒன்றை வாங்கி, மேல் கியர்களை நீட்டி அமைக்கக் கொடுத்தேன். அதற்கு ஆன செலவு இன்ஜினுக்கு ஆனதைவிடக் கூடுதல்.

இரண்டாவது, டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில் அதற்கு எதிர்க்காற்று கிடைக்கும் இடம் என்று ஒன்று கிடையாது. பின்புறப் பக்கவாட்டில் உள்ள காற்றுத்துளைக்குப் பின்னால் வைத்து, ஒரு சிறிய விசிறியும் பொருத்தியிருக்கிறேன். மூன்றாவது மின்சாரம். டிடிஐயின் ஆக்சிலரேட்டர் கேபிள் வகை அன்று. பெடலில் சென்சார், அதற்கொரு கம்ப்யூட்டர், அதற்குரிய வயரிங் என்று இன்ஜினை எடுக்கப்போகும் வண்டியை முழுதாகவே வாங்கினால்தான் எதுவும் விடுபடாது. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் கிளம்பவிடாத திருட்டுத்தடுப்பு) இல்லாத தொடக்ககால 1இசட்டாகப் பார்த்து எடுத்தால் ஒரு தலைவலி குறையும். இயந்திரப் பம்ப்பை டிடிஐயில் பொருத்துகிறவர்களும் உண்டு, ஆனால் மாசுச் சான்றுக்கு அது சிக்கலாகும்.

குளிர்விப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் இதையும் சேர்க்கிறேன். ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால், நடுவே வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும் இரண்டு குழாய்கள். மொத்தம் 16 லிட்டருக்கும் மேல் தண்ணீர் பிடிக்கிறது. இன்ஜினை மாற்றி நிரப்பும்போது முன்பக்கத்தை நன்றாக உயர்த்தி நிறுத்தி, ரேடியேட்டரின் மேலுள்ள திருகைத் திறந்து, காற்றுக்குமிழி இல்லாத நீர் வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுப் பழைய ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டு, கூடுதல் வெப்பம் தரும் இன்ஜினைப் பின்னால் வைப்பது, கிழிந்த குடையை நம்பி மழையில் இறங்குவதுதான்.

கோப்புக்கட்டு

நான் மெக்கானிக் அல்லன்; ஆனால் இரண்டு வண்டிகளுக்கு இந்தப் பதிவு வேலையைச் செய்து முடித்திருக்கிறேன். இன்ஜினை வாங்குவதற்கு முன்னால், வாகனப் பரிசோதகரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். ஜெர்மனியில் வேறு வகை இன்ஜினைப் பொருத்தியதும் வண்டியின் இயக்க அனுமதி செல்லாததாகிவிடுகிறது. சாலை அனுமதி விதிகளின் 21ஆம் பிரிவின்படி தனி ஆய்வு செய்து புதிதாகப் பெற வேண்டும். எந்த இன்ஜின் குறியெழுத்து, எந்த டர்போ, எந்த எக்ஸாஸ்ட், பிரேக் போதுமானதா என்று அவர் கேட்பதற்குத் தாளில் விடை இருக்க வேண்டும். இன்ஜின் எடுக்கப்பட்ட வண்டியின் பதிவுத்தாளின் நகலை அவசியம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல வாகனங்களின் பகுதிகளைக் கலந்து கட்டினால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஏஏஇசட் பிளாக்கில் ஜேஎக்ஸ் மேனிஃபோல்டு என்று முதல் நண்பர் சொன்னது தொழில்நுட்ப ரீதியில் சரியாக இருக்கலாம், பரிசோதகரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எச் எண்தகட்டுக்கு முப்பது ஆண்டு நிறைந்திருப்பதோடு, மாற்றங்கள் அந்தக் காலத்துக்குரியனவாகவும் இருக்க வேண்டும். முதல் பதிவுக்குப் பின் பத்தாண்டுகளுக்குள் செய்திருக்கக்கூடிய மாற்றம் என்பது வழக்கமான அளவுகோல். உங்கள் வண்டிக்கு அது 1996 வரை வருகிறது. ஏஏஇசட், 1இசட் இரண்டும் அதற்குள் சந்தைக்கு வந்தவை. பின்னால் வந்த 110 குதிரைத்திறன் டிடிஐயை இந்தக் கணக்கில் நுழைப்பது கடினம். எச் எண்தகட்டுக்கு ஆண்டு வரி 191.73 யூரோ மட்டுமே. மாசு மிகுந்த வண்டிகளைத் தடுக்கும் நகரச் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் மாசு ஸ்டிக்கர் இல்லாமலே போகலாம். நீங்கள் ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பதால் வரியைவிட இந்த இரண்டாவது சலுகையை இழப்பதுதான் உங்களை வாட்டும்.

நெக்கார்க்கரையான்

மூவருக்கும் நன்றி. ஸ்பேனர் ஐயா சொன்னபடி ஆயில் ஊற்றி அளந்தேன். 22 பார் இருந்தது 28 ஆக உயர்ந்துவிட்டது. எனவே ரிங்குதான் போயிருக்கிறது, இன்ஜினை இறக்குவது உறுதி. கியர்பாக்ஸையும் சேர்த்து மாற்றப் பணம் போதாது என்பதால் டிடிஐயை விட்டுவிட்டேன். ஏஏஇசட் என்றே முடிவு. என் பழைய நான்கு கியர் பெட்டி அதைத் தாங்குமா, கிளட்ச்சையும் மாற்ற வேண்டுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்

பெட்டி நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். முதல் கியரில் முழு விசையோடு கிளம்புவதையும், கட்டுச்சுமையோடு பின்னால் டிரெய்லர் இழுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போது கிளட்ச் தட்டு, அழுத்தத் தட்டு, ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். அதற்காக இன்னொரு முறை எல்லாவற்றையும் இறக்குவது வீண். நெடுஞ்சாலையில் இரைச்சல் இருக்கத்தான் செய்யும், 90இல் ஓட்டினால் பேசிக்கொண்டே போகலாம். உங்கள் பழைய இன்ஜினின் சம்ப்பையும் பிராக்கெட்டுகளையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவை இல்லாமல் ஏஏஇசட் உங்கள் வண்டிக்குள் போகாது. பிளாக்கை வாங்கியதும் பிராக்கெட் போல்ட்டுகளுக்கான துளைகளை முதலில் ஒத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.