40 நிமிடத்தில் பொறுப்பைப் படிப்பிக்க முடியுமா?

விசில்:
சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்குள் பொறுப்புணர்வையும் படிப்பிக்க வேண்டும் என்று இங்கே சிலர் எழுதுகிறீர்கள். கணக்கைப் பாருங்கள். பாடவேளை 40 நிமிடம். மாடியிலிருந்து இறங்கி, சப்பாத்து மாற்றி, வரிசைக்கு வரவே 6 நிமிடம் போய்விடும். மேலே பத்து நிமிடம் புத்திமதி என்றால் பிள்ளை எப்போது ஓடுவது? 5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடற்செயற்பாடு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருந்துகொண்டு, ஸ்கூல் வானில் வந்து, பின்னேரம் ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு ஓட வேறு இடம் எங்கே இருக்கிறது?

கிளித்தட்டு:
விசில் சேர், பத்து நிமிடப் புத்திமதியை நானும் எதிர்க்கிறேன். அமெரிக்கப் பேராசிரியர் டொன் ஹெலிசன் சிக்காகோவில் வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகளோடு வேலைசெய்து வளர்த்த முறையில் பேச்சு மிகக் குறைவு. அதன் படிகள் ஐந்து: மற்றவரை மதித்தல், முயலுதல், சொல்லாமலே தானாகச் செய்தல், உதவுதல், இவற்றை மைதானத்துக்கு வெளியிலும் கடைப்பிடித்தல். ஒரு பாடவேளைக்கு ஒரு படி போதும். உங்கள் 6 நிமிடத்துக்குப் பிறகு, இன்றைய படி என்ன என்று சொல்ல 2 நிமிடம், விளையாட்டும் தண்ணீரும் 28, வட்டமாக இருந்து பேச 3, தன்னைத் தானே மதிப்பிட 1. பேச்சுக்குப் போவது மொத்தம் 6 நிமிடம்தான்.

விசில்:
தாளில் அழகாக இருக்கிறது. 36 பிள்ளைகள், மூன்று பந்து. வரிசையில் நிற்கும் பிள்ளை பொறுப்பா கற்கும்? முன்னால் நிற்பவனைத் தள்ளத்தான் கற்கும்.

கிளித்தட்டு:
அப்படியென்றால் வரிசையே வேண்டாம். பந்தோடு 18 பேர், மூன்றுக்கு மூன்றாக மூன்று ஆட்டம். மற்ற 18 பேருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கிளித்தட்டு. அதற்குப் பந்தே தேவையில்லை. 12 நிமிடத்தில் இடம் மாற்றுங்கள். பந்து ஆட்டத்தில் வலைப்பந்து விதிதான்: 3 வினாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது. தொடர்ந்து ஐந்து பாஸ் போனால் ஒரு புள்ளி, ஆனால் மூவரும் தொட்டிருக்க வேண்டும். மெதுவான பிள்ளையை ஒதுக்கிவிட்டு வெல்ல வழியில்லை. "எல்லாரையும் சேர்த்து விளையாடுங்கள்" என்று கத்துவதை விட அந்த ஒரு விதி அதிகம் செய்யும். நடுவர் இல்லை, சண்டை வந்தால் பந்தைக் கீழே வைத்து அவர்களே தீர்க்க வேண்டும்.

விசில்:
நடுவர் இல்லாவிட்டால் குரல் பெரிய பிள்ளை ஒவ்வொரு தடவையும் வெல்லும்.

கிளித்தட்டு:
உண்மை, அதிகம் பிழைப்பது அங்கேதான். அதனால் 20 வினாடிக்கு மேல் வாதம் போனால் ஒற்றையா இரட்டையா. விரல் எண்ணிக்கையை மிரட்ட முடியாது. அணித்தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கடைசியாக மிஞ்சும் பிள்ளை யார் என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறவர்களுக்கே தலைமை போகாமல், பந்து, தண்ணீர், புள்ளி ஆகிய பொறுப்புகளை இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வேப்பநிழல்:
நான் சுகாதாரப் பக்கம் நின்று பேசுகிறேன். பிந்தி வந்தால் மைதானத்தை நான்கு சுற்று ஓடச் சொல்வது இன்னும் நடக்கிறது. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் அந்தப் பிள்ளை பெரியவளான பிறகும் ஓட்டத்தை வெறுக்கும். ஒழுங்குக்காகத் தண்ணீரைத் தடுப்பது அதைவிட ஆபத்து. கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை உலராது, அதனால் உடல் சூடு இறங்காது. தலைசுற்று, தலையிடி, வாந்தி உணர்வு வந்தால் உடனே நிழல், தண்ணீர், ஈரத்துணி. பேச்சு தடுமாறினால் குளிர வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு. இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் வகுப்புப் பையில் அல்ல, மைதான ஓரத்தில் இருக்க வேண்டும். மாதவிடாய் நாளில் மெதுவாக நடப்பதா, புள்ளி எழுதுவதா, விளையாடுவதா என்று அவளே முடிவெடுக்கட்டும். தானாகச் செய்தல் என்ற படிக்கு இதைவிட நேரடியான பயிற்சி வேறென்ன?

விசில்:
தண்ணீர் விடயத்தில் மறுப்பில்லை. ஆனால் பொறுப்புக்குப் புள்ளி போடுவதை ஏற்கமாட்டேன். "நீ இன்னும் முதல் படி" என்று வகுப்பில் சொன்னால் அது பட்டப்பெயராகிவிடும்.

கிளித்தட்டு:
அதில் உங்களோடு நிற்கிறேன். தவணைக் கணிப்பீட்டில் இது வரவே கூடாது. புள்ளி இருந்தால் பிள்ளை பொய் சொல்லும். அந்தக் கடைசி ஒரு நிமிடத்தில் கண்ணை மூடி, நெஞ்சோடு சேர்த்துப் பெருவிரலைக் காட்டட்டும்: இன்றைய படியைச் செய்தேன் என்றால் மேலே, ஓரளவு என்றால் பக்கவாட்டில், இல்லை என்றால் கீழே. கண் திறந்திருந்தால் பக்கத்து விரலைப் பார்த்து எல்லாம் மேலேதான் போகும்.

விசில்:
ஒக்டோபரில் பின்னேர மழையும் மின்னலும் தொடங்கினால் இந்த 28 நிமிடத்துக்கு என்ன செய்வீர்கள்?

கிளித்தட்டு:
இடி கேட்டவுடன் எல்லாரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே விடக்கூடாது, அதாவது அந்தப் பாடவேளை உள்ளேதான். மேசைகளைச் சுவரோடு தள்ளினால் 12 பேருக்கு இடம் வரும். மூன்று குழுவாக, 8 நிமிடத்துக்கு ஒரு குழு ஸ்குவாட் (குந்தி எழும்புதல்), பிளாங்க் (முழங்கை ஊன்றி உடலை நேராகப் பிடித்தல்). மற்ற இரு குழுவும் அடுத்த கிழமைக்குத் தாங்களே திட்டம் எழுதட்டும்: எந்த நாள், எத்தனை நிமிடம், தொடர்மாடிப் படியிலா, காலி முகத்திடலிலா. அடுத்த பாடவேளை வட்டத்தில் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இரண்டாம் கிழமை யாரும் எழுதமாட்டார்கள்.