வீட்டுக்கு 5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர்: எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

தென்னந்தோப்பு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்த பிறகு, எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை வாடகை ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்துத்தான் மாடித் தொட்டியை நிரப்பினோம். இப்போது அப்பாவுக்கு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் இரவு முழுவதும் ஓட வேண்டியிருப்பதால், ஐப்பசி மழைக்கு முன்பே சொந்தமாக ஒன்று வைத்துவிட எண்ணுகிறேன்.

இரண்டு இடங்களில் விலைப்புள்ளி வாங்கினேன். ஒருவர் 2,42,000 ரூபாய் என்கிறார், மற்றவர் 3,18,000 என்கிறார். இரண்டுமே 5 கே.வி.ஏ. (மின்திறன் அளவு), சிங்கிள் ஃபேஸ், ஒலி அடக்கும் கூண்டுடன் கூடியவை. 76,000 ரூபாய் வித்தியாசம் எதற்கு என்று விளங்கவில்லை. கான்சன்ட்ரேட்டர், ஃபிரிட்ஜ், ஆறு விளக்குகள், நான்கு மின்விசிறிகள், 1 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் ஆகியவை ஓட வேண்டும். முடிந்தால் ஒன்றரை டன் ஏ.சி.யும்.

பழைய வயர்மேன்:

ஐயா, முதல் விலைப்புள்ளியின் கடைசி வரிகளைப் படித்துப் பாருங்கள். ‘சிவில் வேலை, கேபிள், எர்த்திங் நீங்கலாக’ என்று எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். அவர் சொல்வது ஜெனரேட்டரின் விலையும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் மட்டுமாகவே இருக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்ததால் சிறிய டீசல் செட்களின் விலையும் ஏறிவிட்டது. பழைய விலையை மனத்தில் வைத்துப் பேரம் பேசினால் பலிக்காது.

மீதி வேலைகளுக்கு எங்கள் பக்கத்தில் நான் கண்ட செலவு இது: கான்கிரீட் மேடைக்குக் கொத்தனார் கூலியோடு 15,000, இயந்திரத்தின் உடலுக்கு இரண்டு, மின்சாரம் திரும்பும் நியூட்ரல் கம்பிக்கு இரண்டு என, மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் நான்கு எர்த் குழிகளுக்கு 24,000 வரை, கேபிளும், வீட்டை வெளி மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சும் 12,000, மின்சாரம் போனதும் தானாகவே இயந்திரத்தைக் கிளப்பும் ஏ.எம்.எஃப். பேனல் வேண்டுமென்றால் மேலும் 35,000. உங்கள் ஊர் உப்பளம் சூழ்ந்த மண். சாதாரண இரும்புக் குழாயைப் புதைத்தால் சில ஆண்டுகளில் அரித்துவிடும், ஆகவே எர்த்திங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மேடையையும் தெருவில் வெள்ளம் நின்ற மட்டத்துக்கு ஓர் அடி மேலாகவே எழுப்பச் சொல்லுங்கள்.

5 கே.வி.ஏ. என்பது நடைமுறையில் 4 கிலோவாட்தான். நீங்கள் சொன்ன அனைத்தும் ஒன்றாக ஓடினால் ஏறத்தாழ 3.6 கிலோவாட் வரும், தாங்கும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கையில் மோட்டாரைப் போட்டால் எஞ்சின் திணறும், வோல்டேஜ் சரியும். தொட்டியை நிரப்பிவிட்டுப் பிறகு ஏ.சி.யைப் போடுங்கள். இந்த ஒழுங்கு வீட்டில் நடக்காது என்றால் 7.5 கே.வி.ஏ.க்குப் போக வேண்டியதுதான்.

மாடிவீடு:

நான் தாம்பரம் பக்கம் இதே அளவு இயந்திரத்தை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வாங்கும் செலவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், ஓட்டும் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முக்கால் பாரத்தில் ஓடும்போது ஒரு யூனிட்டுக்கு 35 ரூபாய் அளவில் டீசல் ஆகிறது. இரவில் வெறும் 600 வாட்டுக்கு ஓட்டினாலோ மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கிறது. யூனிட் 80 ரூபாயைத் தொடுகிறது. குறைந்த பாரத்திலேயே நெடுநேரம் ஓட்டினால் புகைக்குழாயில் கரி படிந்து எண்ணெய் கசியத் தொடங்குகிறது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் அப்பாவின் கருவிக்கு நம்ப வேண்டியது இன்வெர்ட்டரை. அந்தக் கருவி 350 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு கொண்ட 24 வோல்ட் இன்வெர்ட்டர், ஒரு விசிறியோடு சேர்த்து, சில மணி நேரம் தாங்கும். மின்சாரம் போனது தெரியாமல் உடனே மாறிவிடும் என்பதால் ஜெனரேட்டரைக் கிளப்ப அவசரமே இல்லை. அதனால் அந்த 35,000 ரூபாய் பேனலை விட்டுவிட்டு, அதை இன்வெர்ட்டர் பக்கம் திருப்பலாம் என்பது என் கருத்து. எப்படியானாலும் நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

தென்னந்தோப்பு:

இருவருக்கும் நன்றி. வயர்மேன் ஐயா சொன்னபடியே முதல் விலைப்புள்ளியின் அடியில் ‘நீங்கலாக’ என்ற வரி இருக்கிறது. பேனலை விலக்கச் சொன்னதும் இரண்டாமவர் 2,84,000க்கு வந்துவிட்டார். ஆனால் அவர் மேடைக்குக் குறித்துப் போன இடம் அப்பா படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. மாட்டுக்கொட்டகைப் பக்கம் மாற்றினால் கேபிள் 14 மீட்டர் கூடும்.

பழைய வயர்மேன்:

யோசிக்காமல் மாற்றுங்கள். ஜன்னலுக்குக் கீழே எஞ்சின் ஓடினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அறைக்குள் சேரும்; மூச்சுக்குக் கருவி வைத்திருப்பவர் அருகே அது கூடவே கூடாது. 14 மீட்டர் கேபிளுக்கு நான்காயிரம் ரூபாய்தான் கூடும், வயரின் தடிமனை ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். சேஞ்ச்ஓவர் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையாக இருக்கிறதா என்று பொருத்தும் அன்று பக்கத்தில் நின்று பாருங்கள்; இல்லையென்றால் உங்கள் வீட்டு மின்சாரம் வெளிக் கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைத் தாக்கக்கூடும்.