போன் கைவிட்ட நாளில் என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் விண்ணப்பம், ஹால் டிக்கெட், வருமானச் சான்றிதழ் என்று பாதி நேரம் அடுத்தவர் போனுக்குள்தான் என் வேலை. ‘எப்பப் பார்த்தாலும் போன்’ என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். எனக்கென்னவோ ரீல்ஸ் பார்ப்பது அவ்வளவு பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. பணம், பதிவு எண், அடையாள அட்டை, அப்பாவின் நம்பர் எல்லாவற்றையும் ஒரே பொருளுக்குள் போட்டுவிட்டு, மற்ற வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டோமே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

டிஎன்பிஎஸ்சி தேர்வு நாள் ஒன்று. காலையிலேயே நல்ல மழை. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்த ஒரு பையன் போனைச் சட்டையில் துடைத்துத் துடைத்து நீட்டினான். “அக்கா, ஹால் டிக்கெட் ஒரு பிரிண்ட்.” போன் ஆன் ஆகவே இல்லை. சார்ஜர் சொருகும் இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரத்தோடு சார்ஜிலும் போடக் கூடாது. சரி, தளத்திலேயே எடுத்துவிடலாம் என்று திறந்தேன். விண்ணப்ப எண் கேட்டது. எண் போனில் இருக்கிறது. மெயிலில் வந்திருக்குமே என்றால், வேறு கம்ப்யூட்டரில் மெயிலைத் திறப்பதற்கான ஓடிபி அதே போனுக்குப் போகிறது.

“வீட்டுக்குப் போன் போட்டுக் கேளு தம்பி” என்று என் போனைக் கொடுத்தேன். வாங்கியவன் அப்படியே நின்றான். அப்பா நம்பர் முதல் நான்கு இலக்கம் வந்தது, அப்புறம் வரவில்லை. அம்மா நம்பர் சுத்தமாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் நன்றாகப் படிக்கிற பையன். கையில் இருந்த குறிப்பு நோட்டில் அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகளை வரிசையாக எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டின் ஓரத்தில் விண்ணப்ப எண்ணையும் எழுதிக்கொள் என்று யாருமே அவனுக்குச் சொல்லவில்லை.

பின்னால் நின்ற ஒரு பெண் அதே பயிற்சி வகுப்பில் படிப்பவளாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தேடி அவன் நண்பனைப் பிடித்தாள். நண்பனிடம் இவன் ஹால் டிக்கெட்டின் பிடிஎஃப் இருந்தது. பிரிண்ட் சூடாக வந்ததும் காசு கொடுக்கப் பையைத் தடவினான். காசும் போனில்தான். “அப்புறம் வந்து குடுடா, முதல்ல ஓடு” என்றேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். மறுநாள் வந்து பணமும் கொடுத்தான்.

இன்னொருவர் ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தார். பட்டன் போன்கூடக் கிடையாது. சுருக்குப்பையில் ஒரு காலண்டர் அட்டைத் துண்டு, அதில் ஐந்தாறு நம்பர். எழுத்து தெரியாது என்பதால் பேத்தி ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் படம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பால்காரருக்கு மாடு, டெய்லரான மகளுக்குக் கத்தரிக்கோல். அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறவர் என் கடையில் மாலை வரை காத்துக் கிடந்தார். காரணம், ஓடிபி போனது பேரன் நம்பருக்கு. பேரன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். வேலைக்குள் நுழையும்போது போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். ஓடிபிக்கோ சில நிமிடம்தான் உயிர். அவன் ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பிறகுதான் பாட்டியின் விண்ணப்பம் நகர்ந்தது.

இந்தப் பாட்டியைப் போனுக்கு அடிமை என்று யாராவது சொல்ல முடியுமா? போனே இல்லாதவரையும் போனில் கட்டிப்போட்டிருக்கிறோம். இது எனக்கு ஆறவே இல்லை. உங்கள் ஊரில் எப்படி?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஃபெஞ்சல் புயலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த புயல், நகராமல் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நின்றது. 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போனது. டவரில் பேட்டரி இருக்கும், பல இடங்களில் ஜெனரேட்டரும் இருக்கும். ஆனால் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். தண்ணீர் நிற்கிற தெருவில் டீசல் கொண்டுபோக முடியாவிட்டால் டவரும் நம் வீட்டு பல்பு மாதிரிதான்.

மழை விட்ட பிறகு அண்ணாச்சி கடையைப் பாதி ஷட்டர் தூக்கித் திறந்தார். மெழுகுவத்தி, பால் பவுடர், ரொட்டி. எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கிறவர்கள், நல்ல சம்பளம். கையில் பத்து ரூபாய்த் தாள்கூட இல்லை. போனை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள், ஸ்கேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அண்ணாச்சி மோசமானவர் இல்லை. எங்களுக்கெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுத்தார். அவளை அவருக்கு யாரென்றே தெரியாது. அதுவரை வீட்டுக்குத் தேவையான எல்லாம் ஆப்பில் வந்து வாசலில் இறங்கிக்கொண்டிருந்ததால் அவள் அந்தக் கடைப்படி ஏறியதே இல்லை. “எங்க கணக்குல எழுதிக்குங்க அண்ணாச்சி” என்று சொன்ன பிறகுதான் பால் பவுடர் கைக்கு வந்தது. அந்தப் பெண் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் தாங்கவில்லை.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோதும் இங்கேதான் இருந்தேன். அப்போதும் பல நாள் இருட்டு. ஆனால் கையில் காசு இருந்தது. யுபிஐ வந்ததே 2016-ல் தானே. வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை நோட்டு வீட்டில் இருக்கட்டும், பக்கத்துக் கடைக்காரருக்கு நம் முகம் தெரிந்திருக்கட்டும்.

மஞ்சக்குப்பம், கடலூர்

மேலே சொன்னவருக்கு நன்றி. அந்தத் தேர்வு நாளுக்குப் பிறகு நான் செய்வது: யார் எந்த விண்ணப்பம் போட்டாலும் விண்ணப்ப எண்ணையும் வீட்டில் இருவரின் நம்பரையும் சின்ன அட்டையில் எழுதி லேமினேட் செய்து கொடுக்கிறேன். ஓடிபி வாசகத்தைச் சத்தமாக வாசித்து, எதற்கு வந்தது என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எண்ணைப் போடுகிறேன். சில ஓடிபி விண்ணப்பத்துக்கு, சில ஓடிபி பணம் எடுக்க. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எண்ணைச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

தேவனாம்பட்டினம், கடலூர்

நான் கடலுக்குப் போகிறவன். போனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாட்டில் ஊரே தப்பியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். போன் ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. ஊரைக் கிளப்பியது அந்த ஒலிபெருக்கி. புதுச்சேரிப் பக்கம் வீராம்பட்டினத்தில் அலை உயரத்தைக்கூட அப்போது ஒலிபெருக்கியில்தான் சொல்வார்கள். கரையில் நின்ற எல்லோர் காதிலும் விழும். இப்போது தகவல் அவரவர் போனுக்கு வருகிறது. சார்ஜ் இல்லாதவனுக்கு அது இல்லை.

கடலில் எங்களுக்கு ஜிபிஎஸ் பெரிய வரம். வலை போட்ட இடத்தை இருட்டிலும் காட்டுகிறது. ஆனால் பெட்டி பழுதானால் என் வயசு ஆட்கள் காற்றை வைத்து, தெரிகிற மரத்தையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்துக் கரை பிடிப்போம். இருபது வயசுப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஒரு தடவை எங்கள் படகிலேயே பெட்டி நின்றுபோனபோது, கரையில் விளக்குத் தெரிந்தும் எந்த ஊர் விளக்கு என்று என் தம்பி மகனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் கடல் அமைதியாக இருக்கிற நாளில் வரும்போது பெட்டியை அணைக்கச் சொல்லிவிடுவேன். “எதுக்குப் பெரியப்பா, நல்லாத்தானே வேலை செய்யுது” என்று முணுமுணுப்பான். நான் விடுவதில்லை. வாடை எந்தப் பக்கம் அடிக்கிறது, வெள்ளி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே வருவேன். இப்போது பாதி வழி அவனே சொல்லிவிடுகிறான்.