புதுப்பிப்பு: புவாரோ வரிசையைத் தொடர்வதா, நிறுத்துவதா?

துப்பறிவாளர் புவாரோ வரும் அகதா கிறிஸ்டியின் நாவல்களில் பிற்காலத்தவை சலிப்பூட்டுகின்றன, தொடரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. 1960களில் வந்தவற்றில் உரையாடல் இழுக்கிறது, முடிச்சு தளர்கிறது என்கிறது ஒரு தரப்பு. புவாரோ இருந்தால் போதும், கொலையாளி யாராக இருந்தால் என்ன என்கிறது மறுதரப்பு. (இவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.) ஒருவர் வயதுக் கணக்கையும் இழுத்தார்: 1920இல் வந்த முதல் நாவலிலேயே புவாரோ ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, கடைசி நாவலில் நூறைத் தாண்டியிருக்க வேண்டுமே!

அதை நான் பொறுத்துக்கொள்வேன். என் மனத்தை மாற்றிய தகவல் வேறு. இறுதி நாவலான ‘கர்ட்டன்’ 1975இல் வெளிவந்தாலும், இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைக்கப்பட்டதாம். அப்படியானால் அது தளர்ச்சிக் காலத்து எழுத்தே அல்ல. இடையில் உள்ள சிலவற்றைத் தாண்டி நேரே அதற்குப் போகிறேன். தயவுசெய்து யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.