வெயிலில் குழந்தைகளின் தோல்: சன்ஸ்கிரீன் போட்டால் மட்டும் போதுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு நான்கு மாதம். மகள் திறந்தவெளிக் குளத்தில் நீச்சல் பயில்கிறாள். பயிற்சி முடிந்து வரும்போது தோளும் பின்கழுத்தும் சூடாக இருப்பதோடு, சட்டை உரசினாலே எரிகிறது என்று அழுகிறாள். எங்களுடையது கறுத்த தோல் என்பதால் வெயில் ஒன்றும் செய்யாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். சன்ஸ்கிரீன் வாங்குவதானால் எந்த எஸ்பிஎஃப் (அதன் பாதுகாப்பு அளவைக் காட்டும் எண்) வாங்க வேண்டும்? கைக்குழந்தைக்கும் அதையே பூசலாமா?

மறுமொழி 1

கைக்குழந்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் பூசாமல், நேரடி வெயிலில் படாமல் வைத்திருப்பதே சரி. நிழல், கை கால்களை மூடும் மெல்லிய பருத்தி உடை, காதையும் கழுத்தையும் மறைக்கும் அகலமான தொப்பி ஆகியவை போதும். வெயில் படக்கூடாதென்று குழந்தையின் தள்ளுவண்டியைத் துணியால் முழுவதும் போர்த்திவிடாதீர்கள். காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறிவிடும், அது வெயிலைவிட ஆபத்தானது.

பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் அதிகமுள்ள தோல் எளிதில் கன்றிப்போவதில்லை. ஆனால் புற ஊதாக் கதிர்களை அது முழுவதுமாகத் தடுப்பதில்லை, அதிலும் குழந்தையின் தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. தொட்டால் எரிகிறது என்று உங்கள் மகளே சொல்கிறாள் அல்லவா? கறுத்த தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாததால், நிறத்தைப் பார்க்காமல் அந்தச் சூட்டையும் எரிச்சலையும் நம்புங்கள்.

மறுமொழி 2

நீச்சலுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது முழுக்கை நீச்சல் உடையைத்தான். யுபிஎஃப் 50 என்று குறிக்கப்பட்ட துணி, புற ஊதாக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். நனைந்த வெள்ளைப் பருத்திச் சட்டையோ உலர்ந்திருந்தபோது தந்த பாதுகாப்பைக்கூடத் தராது. உடை மறைக்காத முகம், காது மடல், பின்கழுத்து, புறங்கால் ஆகியவற்றுக்குத்தான் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30 சுமார் 97 விழுக்காடும், 50 சுமார் 98 விழுக்காடும் யுவிபி கதிர்களை (தோலைக் கன்றவைக்கும் புற ஊதாக் கதிர் வகை) தடுப்பதால், எண்ணைப் பெரிதாக்குவதில் கிடைக்கும் ஆதாயம் சிறிது. அந்த அளவீடு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் செய்யப்படுவது. நம்மில் பெரும்பாலோர் அதைவிடக் குறைவாகத்தான் பூசுகிறோம் என்பதால், எஸ்பிஎஃப் எண் சொல்லும் பாதுகாப்பு குழந்தைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே தாராளமாக, வெளியே இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து ஏறித் துடைத்த உடனும் மறுபடி பூச வேண்டும். துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளவை மென்மையான தோலுக்கு ஏற்றவை. புற ஊதாக் கதிரின் இன்னொரு வகையான யுவிஏ கதிர்களையும் தடுக்கும் என்ற குறிப்பு உறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மேகமூட்டமான நாட்களிலும் இதெல்லாம் தேவையா? இப்போதுள்ள எரிச்சலுக்கு என்ன செய்யலாம்?

மறுமொழி 1

தேவைதான். மெல்லிய மேகத்தை ஊடுருவிப் புற ஊதாக் கதிர்கள் பெருமளவு வந்துவிடும். வெக்கை குறைவாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. அன்றைய புற ஊதாக் கதிர்களின் கடுமையைச் சொல்லும் எண்ணான புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு அவசியம். குறியீட்டைப் பார்க்க வசதியில்லாதபோது நிழலைக் கவனியுங்கள்: மகளின் நிழல் அவள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் கடுமையான நேரம். பயிற்சியைக் காலையிலோ மாலையிலோ மாற்ற முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எரியும் இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள், ஐஸ் கட்டி வேண்டாம். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். கொப்புளம் எழுந்தால் உடைக்காதீர்கள். கொப்புளத்தோடு காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வெயிலால் தோல் கன்றினால், இவை எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிடுவது நல்லது.