பட்டுச் சாயத் தண்ணீரை முருங்கை விதை தெளிய வைக்குமா?

கேள்வி (திருபுவனம்): எங்களுடையது சின்னச் சாயப் பட்டறை. பட்டில் பசை எடுத்த சோப்புத் தண்ணீரும் சாயத் தண்ணீரும் ஒரே தொட்டியில் விழுகிறது, அதை அப்படியே வாய்க்காலில் விட மனசு வரவில்லை, கீழே நெல் நிற்கிறது. முருங்கை விதை போட்டால் போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில் (கும்பகோணம்): போதாது, ஆனால் பாதி வேலை நடக்கும். விதையில் உள்ள புரதத்துக்கு நேர் மின்னூட்டம், கலங்கலுக்கும் பட்டுக்குப் போடும் அமிலச் சாயத்துக்கும் எதிர் மின்னூட்டம், அதனால் ஒட்டித் திரண்டு அடியில் உட்காரும். முற்றிக் காய்ந்த விதையைத் தோல் நீக்கி இடித்து, உப்புத் தண்ணீரில் கலக்கி வடிகட்டி ஊற்றுங்கள். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கும் ஆகும். அளவை முதலில் பாட்டிலில் சோதியுங்கள், அதிகமானால் விதைச் சத்தே தண்ணீரில் தங்கி நாறும்.

பதில் (தஞ்சாவூர்): மிச்ச நிறத்துக்கு ஃபென்டன் முறை, அதாவது இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து சாயத்தைச் சிதைப்பது. தெளிந்த தண்ணீரில் அமிலம் விட்டு பிஎச்சை (அமில-கார அளவை) 3 அளவுக்கு இறக்கி, அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். நிறம் போனதும் சுண்ணாம்பு போட்டால் இரும்பு துருநிறச் சேறாகப் படியும், அதை வயலில் கொட்டவே கூடாது. சோப்புத் தண்ணீர் காரம், அதைத் தனித் தொட்டிக்குத் திருப்பினால் அமிலச் செலவு குறையும்.

பதில் (மாயவரம்): கரைந்த உப்பு இரண்டிலும் போகாது. நிறம் போய்விட்டதே என்று வயலுக்குப் பாய்ச்சிவிடாதீர்கள், ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் வேண்டும்.