பூனைச் சொல்லுக்கு ஷார்ட்டா, லாங்கா?

அக்கா: பாப்பாவுக்கு வகுப்பில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லிலும் உயிரொலி ஷார்ட்டா லாங்கா என்று குறிக்க வேண்டும். பூனைக்கு வரும் 'கேட்' லாங் என்று போட்டாள், டீச்சர் தப்பு போட்டுவிட்டார். "கே நெடில்தானே அம்மா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

சித்தி: நியாயமான கேள்விதான். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது, அதனால் ஏகாரத்தைப் போட்டு எழுதுகிறோம். நமக்குக் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. அந்த அளவை இங்கே விட்டுவிடச் சொல்லும்மா. எழுத்து தன் பெயரையே சொன்னால் லாங். அவ்வளவுதான்.

அக்கா: பெயரைச் சொல்வது என்றால்?

சித்தி: 'கைட்' என்று மெதுவாகச் சொல்ல வை. நடுவில் 'ஐ' கேட்கும், அது அந்த எழுத்தின் பெயர். 'கிட்' சொன்னால் கேட்காது. 'ஹோப், ஹாப்', 'க்யூட், கட்' எல்லாம் இப்படித்தான். பூனைச் சொல்லுக்குக் கண்ணாடி முன் நிற்கட்டும். 'கேக்' சொல்லும்போது ஒலி 'ஏய்' என்று முடியும், தாடை கொஞ்சம் மேலே ஏறும். பூனைச் சொல்லில் தாடை இறங்கியே நிற்கும். அவளே பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள்.

அண்ணன்: சொல்லின் கடைசியில் ஆங்கில 'ஈ' (e) எழுத்து வந்தால் லாங் என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

சித்தி: பெரும்பாலும் சரி. ஆனால் 'கிவ்', 'ஹேவ்' இரண்டிலும் அந்த ஈ உண்டு, ஒலி ஷார்ட். ஆங்கிலச் சொற்களை வி எழுத்தோடு முடிப்பது வழக்கமில்லை, அதற்காக வந்து ஒட்டிக்கொண்ட ஈ அது. அதனால் கண்ணை நம்புவதைவிடக் காதை நம்புவது நல்லது.

மாமா: ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் ஷார்ட், லாங் நம் குறில் நெடில் மாதிரிதான் இருந்தது. 'டைம்' என்பதில் நீண்ட ஈகாரம்தான் ஒலித்தது. சுமார் 1400க்கும் 1700க்கும் நடுவில் நெடில்கள் எல்லாம் இடம் மாறின. ஈ ஒலி மெல்ல ஐ ஆனது, ஆ ஒலி மெல்ல ஏய் ஆனது. குறில்கள் அவ்வளவாக நகரவில்லை. அதற்குள் 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்துவிட்டார். அச்சில் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்துபோனது, ஒலி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அதனால்தான் ஷார்ட், லாங் ஜோடிகள் பொருந்தவில்லை.

அக்கா: இதை அவளுக்கும் சொல்கிறேன் மாமா, கதை மாதிரி கேட்பாள். சித்தி, 'டின்னர்', 'டைனர்' என்று அடுத்தடுத்து இருக்கிறதே?

சித்தி: டின்னரில் 'என்' (n) எழுத்து இரண்டு, டைனரில் ஒன்று. இரட்டித்து வந்தால் முன்னால் இருப்பது அநேகமாக ஷார்ட்.

அக்கா: சரி, 'பைக்' லாங், 'பிக்' ஷார்ட் என்று தானே போட்டுவிட்டாள். 'லவ்'வில் நிற்கிறாள். ஓ எழுத்தைப் பார்த்துக் குழம்புகிறாள்.

சித்தி: ஓ என்று கேட்கிறதா என்று கேள். கேட்காது, 'கட்' சொல்லில் வரும் அதே ஒலிதான். ஷார்ட். 'கம்', 'சன்' இரண்டையும் அதன் பக்கத்திலேயே எழுதிவைக்கட்டும், ஓ போட்டு எழுதும் மகன் 'சன்'.